ஸ்வரண் சிங்கா, குலேபாவா? போர்க்காலத்தில் ஆதரவு திரட்டிய இரு வழிகள்

போரில் சிக்கிய நாட்டின் வெளியுறவு அமைச்சர் உலகத்தின் ஆதரவை எப்படித் திரட்ட வேண்டும்? வியாசர்பாடியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். இந்தக் கேள்வி எழுந்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். பாதிப் பேர் 1971 பாகிஸ்தான் போரின்போது இந்தியாவின் வெளியுறவு அமைச்சராக இருந்த ஸ்வரண் சிங் பக்கம். மீதிப் பேர் 2022இல் ரஷ்யா படையெடுத்தபோது உக்ரைனின் வெளியுறவு அமைச்சராகப் பேசிய டிமிட்ரோ குலேபா பக்கம். முன்னவர் ஒரே ஒரு வல்லரசை உறுதியாகப் பிடித்துக்கொண்டார். பின்னவர் உலகத்தையே கூவி அழைத்தார்.

ஓட்டுக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இளைஞர்களைக் குழப்புவதே அதுதான். 1971 டிசம்பர் 7 அன்று ஐ.நா. பொதுச்சபை போர்நிறுத்தம் கோரி நிறைவேற்றிய தீர்மானத்துக்கு ஆதரவு 104, எதிர்ப்பு 11. இந்தியா அந்த 11க்குள் இருந்தது. 2022 மார்ச் 2 அன்று ரஷ்யப் படையெடுப்பைக் கண்டித்த தீர்மானத்துக்கு ஆதரவு 141, எதிர்ப்பு 5. இந்தியா உட்பட 35 நாடுகள் ஓட்டுப் போடாமல் ஒதுங்கின. ஓட்டில் தோற்ற இந்தியா ஒன்பதே நாளில் டாக்காவில் வென்றது. ஓட்டில் வென்ற உக்ரைனுக்கு இழந்த நிலம் முழுவதும் திரும்பக் கிடைக்கவில்லை. “அப்படியென்றால் ஐ.நா. ஓட்டால் என்ன பயன், அண்ணா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஸ்வரண் சிங்கும் முதலில் ஊர் ஊராகத்தான் போனார். 1971 ஜூனில் மாஸ்கோ, பான், பாரிஸ், ஒட்டாவா, வாஷிங்டன், லண்டன் என்று சுற்றினார். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து (இன்றைய வங்கதேசம்) வந்துகொண்டிருந்த அகதிகளின் நிலையை ஒவ்வொரு தலைநகரிலும் எடுத்துச் சொன்னார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்கள் எண்ணிக்கை ஏறக்குறைய ஒரு கோடியைத் தொட்டது. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாதத்தின் கனத்தை நான் விளக்க வேண்டியதில்லை. மேற்கு நாடுகள் இரக்கப்பட்டன, உதவிப் பணமும் கொடுத்தன. பாகிஸ்தானைக் கட்டுப்படுத்த மட்டும் முன்வரவில்லை. அமைச்சர் ஊர் திரும்பிய கையோடு, ஜூன் 22 அன்று, அமெரிக்க ஆயுதங்களுடன் கப்பல்கள் பாகிஸ்தானுக்குப் புறப்படும் செய்தியை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. ஜூலையில் அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸிங்கர் பாகிஸ்தான் வழியாகவே ரகசியமாகப் பீஜிங் போய்வந்தார். யாரை நம்ப முடியாது என்பது டெல்லிக்குத் தெளிவாகிவிட்டது. ஆகஸ்ட் 9 அன்று டெல்லியில் ஸ்வரண் சிங்கும் சோவியத் அமைச்சர் குரோமிகோவும் நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். ஒரு தரப்பு தாக்கப்பட்டால் இருவரும் உடனே கலந்து பேசுவது என்கிறது அதன் 9ஆவது பிரிவு.

டிசம்பரில் இதன் பலன் தெரிந்தது. பாதுகாப்புச் சபையில் போர்நிறுத்தத் தீர்மானங்களை சோவியத் யூனியன் மூன்று முறை வீட்டோ செய்தது, அதாவது தன் ஒரே ஓட்டால் தடுத்தது. இந்திய ராணுவத்துக்கு அன்று வேண்டியிருந்தது கால அவகாசம். மாஸ்கோ அதை வாங்கிக் கொடுத்தது. எதிர்த்தரப்பில் பாகிஸ்தானுக்காகப் பேசவந்த புட்டோ டிசம்பர் 15 அன்று சபையில் காகிதங்களைக் கிழித்துவிட்டு வெளிநடப்புச் செய்தார். அந்த ஆவேசத்தால் பாகிஸ்தானுக்கு ஒரு நாள் அவகாசம்கூடக் கிடைக்கவில்லை.

குலேபாவுக்கு இந்த வழி முதலிலேயே அடைபட்டிருந்தது. வீட்டோ எதிரியின் கையிலேயே இருந்தது. 2022 பிப்ரவரி 25 அன்று ரஷ்யா அதைப் பயன்படுத்தவும் செய்தது. அதனால் பொதுச்சபைக்குப் போவதைத் தவிர உக்ரைனுக்கு வேறு வழி இல்லை. அந்த 141 ஓட்டு ஒரு டாங்கியைக்கூட நிறுத்தவில்லை என்பது உண்மை. ஆனால் ஆயுதம் கொடுக்கவும் தடைகள் விதிக்கவும் தயங்கிய அரசுகள், தங்கள் நாடாளுமன்றத்தில் எடுத்துக்காட்ட அது ஒரு ஆதாரமாயிற்று. ஏப்ரல் 7 அன்று பிரஸ்ஸல்ஸில் நேட்டோ அமைச்சர்களிடம் போன குலேபா, தன் நிகழ்ச்சி நிரலில் மூன்றே விஷயங்கள் இருப்பதாகச் சொன்னார்: ஆயுதம், ஆயுதம், ஆயுதம். அனுதாபத்தை வாங்கிக்கொண்டு திரும்பும் எண்ணம் அவரிடம் இல்லை. இந்த வெளிப்படையான பேச்சை நான் மிகவும் மதிக்கிறேன். ஜூன் 23 அன்று ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனை உறுப்பினர் தகுதிக்கான வேட்பாளராக ஏற்றது. 2023 ஜனவரியில் ஜெர்மனியும் அமெரிக்காவும் டாங்கிகள் தரச் சம்மதித்தன.

அவர் சறுக்கியது ஐரோப்பாவுக்கு வெளியே. அவர் பிரஸ்ஸல்ஸில் பேசிய அதே நாளில், ஐ.நா. மனித உரிமை கவுன்சிலிலிருந்து ரஷ்யாவை விலக்கிவைக்கும் தீர்மானத்துக்கு 93 ஓட்டுகள்தான் விழுந்தன. 58 நாடுகள் ஒதுங்கின. கண்டிப்பதைவிட விலக்குவது கடினம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஐந்தே வாரத்தில் இது பெரிய சரிவு. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் ஜூலையிலேயே எகிப்து, காங்கோ, உகாண்டா, எத்தியோப்பியா என்று சுற்றிவிட்டார். குலேபா ஆப்பிரிக்கா போனது அக்டோபரில்; அதையும் கீவ் நகரில் ஏவுகணைகள் விழுந்ததால் பாதியில் முடித்துக்கொள்ள நேர்ந்தது. இந்தியாவுக்கு அவர் வந்தது 2024 மார்ச்சில்.

இந்தத் தாமதம் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. 2022இல் வட சென்னைக்கு அந்தப் போர் மளிகைக் கடையில் ஏறிய சூரியகாந்தி எண்ணெய் விலையாகவும், படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிய மருத்துவ மாணவர்களாகவும் வந்து சேர்ந்தது. எண்ணெயையும் கோதுமையையும் முன்வைத்து உக்ரைன் அன்றே இங்கு பேசியிருந்தால் கேட்க ஆள் இருந்திருக்கும். ஐரோப்பாவின் பிரச்சினைகளை உலகத்தின் பிரச்சினைகள் என்று நினைக்கும் போக்கை ஐரோப்பா விட வேண்டும் என்று ஜெய்சங்கர் அந்த ஜூனில் பிராத்திஸ்லாவாவில் சொன்னபோது, இங்கே பலருக்கு அது தங்கள் மனதில் இருந்ததாகவே பட்டது. ஜூலை 22 அன்று உக்ரைன் தானியத்தைக் கப்பலில் அனுப்ப இஸ்தான்புல்லில் உருவான கருங்கடல் தானிய ஏற்பாட்டின் வழியே, அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய 3.3 கோடி டன் உணவுப்பொருள் வெளியேறியது. ஐரோப்பாவுக்கு வெளியே உக்ரைனுக்குக் கிடைத்த மிக நல்ல வாதம் அதுதான். அதை இன்னும் உரக்கப் பேசியிருக்கலாம்.

யார் வேலையைச் சரியாகச் செய்தார் என்று கேட்டால் என் ஓட்டு ஸ்வரண் சிங்குக்கு. என்ன தேவை என்பதை அறிந்து, அதைத் தரக்கூடிய ஒருவரிடம் அதையே வாங்கினார். ஆனால் வீட்டோ உள்ள நாடே படையெடுத்து வந்தால் அந்த வழி உதவாது. குலேபாவின் வழி மட்டுமே மிஞ்சும். அதில் ஒவ்வொரு நாட்டிலும் ஆட்சி மாறும்போது மறுபடியும் முதலிலிருந்து பேச வேண்டியிருக்கும். ஒரே நண்பனை நம்பும் வழிக்கும் ஒரு விலை உண்டு. 1980 ஜனவரியில், சோவியத் படைகள் புகுந்திருந்த ஆப்கானிஸ்தானிலிருந்து அந்நியப் படைகள் வெளியேற வேண்டும் என்ற பொதுச்சபைத் தீர்மானத்தை 104 நாடுகள் ஆதரித்தபோது, இந்தியா ஓட்டுப் போடாமல் ஒதுங்கி நின்றது.