ஏசியை அணைத்தாலும் சத்தம்: கம்ப்ரஸர் புல்லி பேரிங் மாற்றி இரண்டு கோடை ஓட்டிய பிறகு

காரில் ஏசி பக்கமிருந்து ஏதாவது சத்தம் வந்தால் ஒர்க்‌ஷாப்பில் முதலில் காதில் விழுவது, "கம்ப்ரஸர் போச்சு சார்." எனக்கும் அதேதான் சொன்னார்கள். புது கம்ப்ரஸர் (ஏசி கேஸை அழுத்தி ஓட்டும் பம்ப்), கேஸ், கூலி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட். கடைசியில் மாற்றியது, கம்ப்ரஸரின் புல்லி, அதாவது பெல்ட் ஓடும் சக்கரம், வழுக்கிச் சுழல உள்ளே இருக்கும் ஒரு பேரிங் மட்டும். அதற்குப் பிறகு இரண்டு அக்னி நட்சத்திரத்தை வண்டி பார்த்துவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

வண்டி பத்து வயது தாண்டிய சின்ன பெட்ரோல் கார், இருப்பது சென்னையில். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் அரைச் சக்கரம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் நின்றது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை. ஆனால் இந்த வண்டியில் ஏசி கம்ப்ரஸர் இருப்பது இன்ஜினின் அடிப்பகுதியில், முன் சக்கரத்துக்குப் பக்கத்தில். அது நன்றாகவே முழுகியிருக்கும். பேரிங்குக்கு ரப்பர் சீல் உண்டுதான், பத்து வருஷ ரப்பரிடம் எவ்வளவு எதிர்பார்ப்பது? சேற்றுத் தண்ணீர் உள்ளே போய் கிரீஸ் கெட்டால் உடனே தெரியாது. வெயில் ஏற ஆரம்பித்த மாதங்களில்தான் சத்தம் கிளம்பியது: கிரைண்டரில் அரிசி போடாமல் கல் மட்டும் சுற்றினால் வருமே, அந்த மாதிரி ஒரு கரகரப்பு.

இதில் முக்கியமான விஷயம் ஒன்றுதான். கிளட்ச் வைத்த கம்ப்ரஸரில், இன்ஜின் ஓடும்வரை பெல்ட்டோடு சேர்ந்து புல்லி சுற்றிக்கொண்டேதான் இருக்கும். ஏசி பட்டனைப் போட்டால் காயில், அதாவது கம்பிச்சுருள், காந்தமாகி கிளட்ச் பிளேட்டைப் புல்லியோடு ஒட்டவைக்கும், ஒரு 'டக்' கேட்கும், அப்போதுதான் உள்ளே இருக்கும் ஷாஃப்ட் சுற்றும். ஆகவே ஏசியை அணைத்த பிறகும் சத்தம் இருந்தால் கம்ப்ரஸரின் உள்பாகத்தைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. புல்லி பேரிங், பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் ஐட்லர், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் என்று பெல்ட் தொடும் எதுவாகவும் இருக்கலாம். ஏசி போட்டால் மட்டும் வந்து, அணைத்தால் நிற்கிற சத்தம் வேறு கதை. கிளட்ச் இல்லாத வகைக் கம்ப்ரஸரும் சில வண்டிகளில் உண்டு, அதற்கு இந்தச் சோதனை சரிவராது.

என் வண்டியில் ஏசி போட்டாலும் அணைத்தாலும் சத்தம் இருந்தது. எஸ்டிமேட் கொடுத்த இடத்தில் யாரும் பட்டனை அணைத்துப் பார்க்கவே இல்லை, அது எனக்கு இன்றும் எரிச்சல். நான் தெருமுனை மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் ஓடுகிற பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். கிறீச் சத்தம் பெல்ட்டிலிருந்து வந்தால் அந்த நேரத்துக்கு மாறும். மாறவில்லை. பிறகு இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினார். ஆல்டர்னேட்டர் வழுக்கிக்கொண்டு சுற்றியது. கம்ப்ரஸர் புல்லியைத் தொட்டதும், "கை வச்சுப் பாருங்க தம்பி" என்றார். விரலுக்கே தெரிந்தது, உள்ளே மணல் அரைபடுவது. ஆட்டிப் பார்த்தால் லேசான ஆட்டமும் இருந்தது. பெல்ட் இல்லாமல் சில நொடி இன்ஜினை ஓட்டிப் பார்த்தோம், சத்தம் சுத்தமாக இல்லை.

இந்த வேலைக்கு கேஸை வெளியே விட வேண்டியதில்லை. முன் சக்கரத்தையும் உள்பக்க பிளாஸ்டிக் கவரையும் கழற்றி, ஹோஸைத் தொடாமலே கம்ப்ரஸரை இறக்கிக் கட்டித் தொங்கவிட்டார். நடு போல்ட்டைக் கழற்றினால் கிளட்ச் பிளேட் வரும். அதற்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள், அதாவது ஷிம், இருக்கும். கீழே விழுந்தால் தேடுவது பெரும்பாடு, அவர் ஒரு டப்பாவில் பத்திரமாகப் போட்டார். பிறகு புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் வளையம், பிறகு புல்லி. பழைய பேரிங்கைக் கையில் எடுத்துக்கொண்டு நான் கார் பாகங்கள் விற்கும் ஜி.பி. ரோடு போனேன். மேலே பொறித்த எண் தேய்ந்திருந்ததால் கடைக்காரர் வெர்னியர் வைத்து உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்துவிட்டுத்தான் எடுத்துத் தந்தார். விலை கம்மியான டூப்ளிகேட்டும் அங்கே கிடைக்கும், வேண்டாம்.

புது பேரிங்கை ஏற்றும்போது பிரஸ்ஸின் அழுத்தம் வெளி வளையத்தில்தான் விழ வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் புதுசிலேயே பேரிங் அடிவாங்கிவிடும். அப்புறம் கிளட்ச் பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவே உள்ள கிளட்ச் இடைவெளி. ஃபீலர் கேஜ், அதாவது அளவு குறித்த மெல்லிய தகடு, வைத்துப் பார்த்தால் பொதுவாக 0.3 முதல் 0.6 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், ஷிம்மைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வார்கள். இடைவெளி கூடினால் வண்டி சூடான பிறகு கிளட்ச் பிடிக்காது, குறைந்தால் உரசித் தீய்ந்த வாடை வரும். பேரிங்கும் கூலியும் சேர்த்து எஸ்டிமேட்டில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அடுத்த கோடையில் வேறொரு சத்தம் வந்தது, அது ஏசி போட்டால் மட்டும். குளிர்ச்சி குறைந்ததென்று வேறொரு கடையில் கேஸ் டாப் அப் செய்த பிறகு, சிக்னலில் நிற்கும்போது கம்ப்ரஸர் கடகடவென்று திணறியது, இன்ஜினும் அமுங்கியது. அங்கே எடை பார்க்காமல், பைப்பைத் தொட்டுப் பார்த்தே கேஸ் ஏற்றியிருந்தார்கள். கேஸ் அளவுக்கு மேல் போனால் ஹை சைடு, அதாவது கம்ப்ரஸர் அழுத்தித் தள்ளும் பக்கத்தின், பிரஷர் எகிறும், கம்ப்ரஸர் வதைபடும். வேறிடத்தில் மெஷின் வைத்து முழுக்க உறிஞ்சி, அரை மணி நேரம் வேக்குவம் போட்டு, அதாவது உள்ளே உள்ள காற்றையும் இழுத்துவிட்டு, பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்குப்படி ஆர்134ஏ என்ற ஏசி கேஸை நிரப்பினார்கள். சத்தம் போய்விட்டது. குளிர்ச்சி குறைந்ததற்குக் காரணம் ஒரு பைப் மூட்டில் ஓரிங் என்ற ரப்பர் வளையத்தில் கசிவு, எண்ணெய்ப் பிசுக்கு படிந்து காட்டிக்கொடுத்தது. கேஸ் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீராது, குறைந்தால் எங்கோ கசிகிறது. இதைச் சொல்லாமல் வருஷா வருஷம் கேஸ் போடச் சொல்லும் கடைக்கு நான் போவதில்லை.

கம்ப்ரஸரையே மாற்ற வேண்டிய நிலையும் உண்டு. உள்ளே தேய்ந்து இரும்புத்தூள் கிளம்பினால் கழற்றிய பைப்பில் எண்ணெய் கறுத்து மினுக்கும். அப்போது கம்ப்ரஸர் மட்டும் மாற்றினால் போதாது, கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர், ஈரத்தை உறிஞ்சும் டிரையர், கேஸ் பாய்வதைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வு வரை கை வைக்க வேண்டும். இந்தக் காலத்துக் கண்டென்சரின் ஊசித்துளைகளைக் கழுவிச் சுத்தம் செய்ய முடியாது. மிச்சம் நிற்கும் தூள் புது கம்ப்ரஸரையும் தின்றுவிடும்.

இன்றைய நிலவரம்: புல்லி அமைதி. காலையில் முதல் ஸ்டார்ட்டில் லேசாக ஒரு ஊளை கேட்கிறது. அது ஏசி போட்டாலும் மாறவில்லை, கம்ப்ரஸர் பக்கம் காது வைத்தாலும் கூடவில்லை. டென்ஷனராக இருக்கும் என்கிறார் மெக்கானிக். அடுத்த முறை பெல்ட் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.