ஆட்டம் கண்ட மேல்கீழ்த் துவக்கு: திருகோணமலைப் பட்டறை ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

எங்கள் வீட்டுத் துவக்கு சோவியத் காலத்தில் இஷெவ்ஸ்க் நகரில் செய்யப்பட்ட பைக்கால் இஷ்-27. பன்னிரண்டு 'போர்' என்ற குழல் அளவுள்ள அதன் இரண்டு குழல்களும் பக்கம் பக்கமாக இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தவை. அப்பாவுக்குப் பின் அனுமதிப்பத்திரம் முறைப்படி என் பெயருக்கு மாறியது. தம்பலகாமத்து வயலில் கதிர் முற்றும் காலத்துப் பன்றிக் காவலுக்கு அதுவே போதுமாக இருந்தது. சென்ற பெரும்போகத்தில், குழலை மூடும்போது ஒரே சத்தமாகக் கேட்க வேண்டியது இரண்டு சத்தமாகக் கேட்கத் தொடங்கியது. மூடிய துவக்கைக் குலுக்கினால் உள்ளங்கையில் ஒரு தட்டல் தெரிந்தது. சுட்டு வெளியே எடுத்த தோட்டாவின் பித்தளை அடியைச் சுற்றிக் கரி படிந்திருந்ததோடு, அடியின் நடுவிலுள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்பும் வழமையைவிடச் சற்றுப் பின்னே தள்ளியிருந்தது. முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வெடிக்கும் பொருளில் இந்த அடையாளங்களைக் கண்ட பின்பும் அதைத் தோளில் வைப்பது அறிவுடைமை ஆகாது.

நான் அதைக் கொண்டுபோனது திருகோணமலை நகரில், மத்திய வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றிலுள்ள சிறிய பட்டறைக்கு. அதன் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டார். துவக்குப் பட்டறையைத் தேடி வருபவர்கள் எல்லோரும் துவக்குத் திருத்தத்தான் வருகிறார்கள் என்று சொல்ல முடியாத ஊர் இது என்பதால் அந்த வேண்டுகோள் நியாயமானதே. எழுபதைத் தாண்டிய அவர் தையல் இயந்திரங்களையும் நீர்ப்பம்பிகளையும் திருத்துகிறார். ஆனால் துவக்குத் திருத்துவதற்கான உரிமம் சுவரில் சட்டமிட்டுத் தொங்குகிறது. 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி அந்த உரிமம் இல்லாதவர் அந்த வேலையில் கை வைக்கக்கூடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். என் அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியைப் பார்த்து, குழலில் வெட்டியிருந்த இலக்கத்தோடு ஒப்பிட்டு, பதிவேட்டில் எழுதி முடிக்கும் வரை அவர் துவக்கை உறையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

இதற்கு முன் வேறொரு ஊரில் ஒருவரிடம் இதே துவக்கைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு மணித்தியாலத்தில் வேலையை முடித்து, ஆயிரத்தைந்நூறு ரூபா வாங்கிக்கொண்டு, இறுக்கமாக மூடும் துவக்கைத் திருப்பித் தந்தார். எனக்கு மகிழ்ச்சிதான். இரண்டு மாதத்தில், ஒரு பெட்டித் தோட்டாகூட முடியுமுன், ஆட்டம் முன்பைவிடக் கூடிவிட்டது. அவர் செய்ததை இந்தப் பெரியவர் பூதக்கண்ணாடியால் எனக்குக் காட்டினார். கீழ்க்குழலின் அடியில் உள்ள கொளுக்கி, குழல்கள் வந்து பூட்டிக்கொள்ளும் இரும்புப் பெட்டியின் முன்புறத்தில் குறுக்காகச் செல்லும் பிணைச்சல் ஊசியில் மாட்டித்தான் குழல்கள் திறந்து மூடுகின்றன. அந்தக் கொளுக்கியின் ஓரத்தில் பொன்ச் எனும் இரும்புக் குச்சியை வைத்து அடித்து, உலோகத்தை உள்நோக்கிப் பிதுங்கச் செய்திருக்கிறார்கள். பிதுங்கிய மேடுகள் ஊசியைத் தொடும் வரை துவக்கு இறுக்கமாகத் தோன்றும். சில வெடிகளில் அவை நசுங்கிவிட்டால் பழைய ஆட்டத்தோடு கெட்டுப்போன கொளுக்கியும் மிச்சம்.

இனி, சோதனை. நான் கொடுத்த பணத்தில் பாதி இந்தச் சோதனைக்கே தகும் என்பது என் எண்ணம். முதலில் இரண்டு குழல்களும் வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் சிறுவிரலாலும் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். அடுத்து, குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி மேசையில் வைத்தார். ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கும்போது நான் முன்கட்டையை ஒருபோதும் கழற்றியதில்லை. "தம்பி, அது பூட்டியிருக்கும்போது ஆட்டிப் பார்த்தால் துவக்கு பொய் சொல்லும்" என்றார். முன்கட்டையின் இரும்பு, பெட்டியின் முன்வளைவில் அழுத்தியபடி குழல்களைப் பின்னோக்கித் தள்ளி வைத்திருப்பதால் பிணைச்சலின் தேய்வை அது மறைத்துவிடும். இதன் மறுதலையும் உண்டு. முன்கட்டையின் சொந்தப் பூட்டு தளர்ந்திருந்தால் துவக்கு முழுவதும் கிலுகிலுப்பைபோல் ஒலிக்கும், பிணைச்சலோ புதியது போல் இருக்கும். விற்பதற்கு வைத்திருக்கும் பழைய துவக்குகளைப் பார்க்கப் போகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனத்தில் வைத்திருக்கலாம்.

அதன்பின் தோட்டாவை வெளியே தள்ளும் தகட்டைக் கழற்றி, அதன் அடியில் இருந்த கட்டியான மசகையும் எரியாத மருந்துத் துகள்களையும் மண்ணெண்ணெயில் கழுவினார். அந்த அழுக்கு மட்டுமே குழலை, அது மூடும்போது வந்து பொருந்தும் பெட்டியின் முகத்திலிருந்து விலக்கி வைத்திருந்த துவக்குகள் சில தன்னிடம் வந்ததாகவும், கழுவி எண்ணெய் இட்டு, காசு வாங்காமல் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். என்னுடையது அவ்வளவு அதிர்ஷ்டம் செய்ததல்ல. கழுவிய பின்னும், மூடிய துவக்கை யன்னலுக்கு எதிரே பிடித்தபோது குழல்களின் பின்விளிம்புக்கும் பெட்டியின் முகத்துக்கும் இடையே வெளிச்சம் மெல்லிய கோடாகத் தெரிந்தது. இடைவெளியை அளக்கும் கேஜ் தகடுகளில் 0.05 மில்லிமீற்றர் தகடு தடையின்றி நுழைந்தது, 0.15 தகடும் சிறிது உராய்ந்தபடி நுழைந்தது. நல்ல துவக்கில் சிகரெட் தாள் ஒன்றே பிடிபட வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆட்டத்தின் திசையை வைத்து நோயைப் பிரித்துச் சொன்னதுதான் நான் அதிகம் கற்றுக்கொண்ட இடம். குழல்கள் முன்னும் பின்னுமாக அசைந்தால் தேய்ந்தது பிணைச்சல் ஊசி அல்லது கொளுக்கி. பின்முனை மேலும் கீழுமாக அசைந்தால், குழலின் அடிப்பள்ளத்துக்குள் வந்து பூட்டும் நாக்கு தேய்ந்திருக்கிறது. பக்கவாட்டில் அசைந்தால் பெட்டியின் உட்சுவருக்கும் குழலின் அடிக்கட்டைக்கும் இடையே இடைவெளி கூடியிருக்கிறது. மூன்றிலும் அதுவே செலவு கூடியது. நாக்கின் நிலையை, துவக்கைத் திறக்க விரலால் தள்ளும் மேலுள்ள லீவரே காட்டிவிடும். புதிய துவக்கை மூடினால் லீவர் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்பக்கமாகவே நிற்கும். தேயத் தேய நாக்கு இன்னும் முன்னே சென்று ஆப்புப் போல் இறுகுவதால் லீவர் நடுவுக்கு வரும், பிறகு இடப்பக்கம் போகும். என்னுடையது நடுவில் நின்றது. ஆகவே நாக்கைத் தொடத் தேவையில்லை, பிணைச்சலைச் சரி செய்தால் போதும் என்று அவர் அப்போதே சொன்னார். இரண்டையும் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது.

கொளுக்கியின் உள்வளைவை வெல்டிங் செய்து நிரப்பிவிடலாமே என்று நான் கேட்டேன். குழல்களுக்கு இடையிலுள்ள பட்டை ஈயப்பற்றினால் ஒட்டியது என்பதையும், அந்த இடத்தில் அவ்வளவு சூட்டைக் கொடுத்தால் பற்று இளகிப் பட்டை கழன்று, குழல்கள் ஒரே புள்ளியைப் பார்க்காமல் போகலாம் என்பதையும் விளக்கி மறுத்தார். பித்தளைத் தகட்டைச் சுற்றி வைப்பதற்கும் அவர் உடன்படவில்லை. அது மென்மையானது, சீக்கிரம் நசுங்கும். அவர் தெரிந்தெடுத்த வழி, பழைய ஊசியை வெளியேற்றி அதைவிடச் சற்றுப் பெரிய விட்டமுள்ள புதிய ஊசியைக் கடைந்து போடுவது. ஊசி பருத்தால் அதில் மாட்டும் கொளுக்கி பின்னோக்கித் தள்ளப்படும், குழல்கள் முகத்தோடு போய்ச் சேரும்.

இத்தாலியப் பெரேட்டா போன்ற துவக்குகளில் குறுக்கே செல்லும் ஊசிக்குப் பதிலாகப் பெட்டியின் இரு சுவர்களிலும் சிறு குமிழ்கள் இருப்பதால், பருத்த குமிழ்களை மாற்றி இந்த வேலையைச் சுலபமாக முடிக்கலாம் என்றும் சொன்னார். 1926இல் காலமான அமெரிக்கத் துவக்கு வடிவமைப்பாளர் ஜோன் பிரவுனிங் தம் கடைசிக் காலத்தில் வடிவமைத்த சுப்பர்போஸ்ட் துவக்கில் அகலம் முழுவதற்குமான ஊசியே உள்ளது. அதன் பெட்டி உயரமாக இருப்பதற்கும் கீழ்க்குழலுக்கு அடியில் கொளுக்கி தொங்குவதே காரணம். எங்கள் பைக்காலும் இந்த விடயத்தில் அந்த வழியில் வந்ததே. விலையிலும் மெருகிலும் ஒப்பிட மாட்டேன்.

கடைசல் வேலை அரை நாள் என்றால், பொருத்தும் வேலை நான்கு நாள். முன்னைய ஊரில் அடித்த மேடுகளை அரத்தால் வழித்தெடுத்தபோது கொளுக்கியில் இன்னும் கொஞ்சம் உலோகம் போனதால், ஊசி முதலில் நினைத்ததைவிடப் பெரிதாக வேண்டியிருந்தது. ஊசி செல்லும் துளையும் நீள்வட்டமாகிவிட்டதால் அதையும் ரீமரால் வட்டமாக்கினார். பின்னர் குப்பி விளக்கின் புகையைக் குழல்களின் பின்விளிம்பிலும் கொளுக்கியிலும் படியவிட்டு, துவக்கை மூடித் திறந்து, கரி அழிந்த இடத்தை மட்டும் மெல்லிய அரத்தால் இரண்டு தடவை தேய்த்து, மறுபடி புகை பிடித்து மூடிப் பார்த்தார். ஒரு பிற்பகல் முழுவதும் நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த நேரத்தில் அவர் எடுத்த உலோகம் ஒரு சிட்டிகை தூளுக்கு மேல் வராது. கடைசி நாளில் மேல்குழலும் கீழ்க்குழலும் முகத்தில் ஒரே அளவான கரி வளையத்தைப் பதித்தன. லீவர் தானாகவே வலப்பக்கம் சற்றுத் திரும்பி நின்றது, நாக்கில் ஓர் அரம்கூடப் படாமல்.

குறைகளும் உண்டு. மூன்று நாளில் தருவதாகச் சொன்னது பதினொரு நாளானது. இடையில் தொலைபேசியில் கேட்டால் "நாளைக்கு" என்ற ஒரே பதில்தான். தொடக்கத்தில் தொகையைச் சொல்லாமல், முடிவில் 18,500 ரூபா என்றார். வேலைக்கு அது அதிகமில்லை என்று நினைக்கிறேன், ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். பற்றுச்சீட்டைக் கேட்டுத்தான் வாங்கினேன். ஊசியின் வெளித்தெரியும் முனைகளுக்குக் கறுப்பு ஏற்றாமல் வெள்ளை இரும்பாகவே விட்டுவிட்டார். கடற்காற்று அடிக்கும் இந்த ஊரில் வாடைக்காலம் தொடங்கினால் ஒரு கிழமையில் அங்கே துரு பூக்கும். அதை நானே எண்ணெய்த் துணியால் சமாளிக்கிறேன்.

பட்டறையில் சுட்டுப் பார்க்க வசதியில்லை. வயலில் முதலில் பாரம் குறைந்த சன்னத் தோட்டாக்களை, ஒரு தடவைக்கு ஒரு குழலாகச் சுட்டு, வெறும் தோட்டாக்களைக் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தார். ஆறைக் கொண்டுபோனேன். ஒன்றின் அடியிலும் கரியில்லை, கேப்பும் மட்டமாகவே இருந்தது. அவற்றை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் பதிவேட்டில் என் வரியை மூடினார். பெரிய சன்னங்கள் கொண்ட எஸ்.ஜி. தோட்டாவைத் தேவையில்லாமல் போட வேண்டாம், துவக்கை வீசி மூட வேண்டாம், பிணைச்சலில் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம் என்ற மூன்றையும் அப்போது சொன்னார். கடைசியது என் வீட்டு வழக்கம் என்பதை அவர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன்; கழுவிய மண்ணெண்ணெயில் வந்த பிசினே சொல்லிவிட்டதாம். இப்போது அந்த இடத்தில் ஒரு பொட்டு கிறீஸ் வைக்கிறேன்.

ஆண்டு அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாட்கள் நெருங்கும்போது பட்டறையில் கூட்டம் கூடும், பதினொரு நாள் ஒரு மாதமாகலாம். சிறுபோக அறுவடை முடிந்த கையோடு, அனுமதிப்பத்திரத்தின் மூலப் பிரதியுடனும், கடைசியாகச் சுட்ட இரண்டு மூன்று வெறும் தோட்டாக்களுடனும் போவது நல்லது. அந்தத் தோட்டாக்களைத்தான் அவர் முதலில் கேட்கிறார்.