பழைய ஐ5-க்குக் காய்ச்சல் பார்த்த அனுபவம்

டெல்லி முனீர்க்காவில் மொட்டைமாடிக்கு நேர் கீழே எங்கள் வீடு. மே மாத மதியத்தில் சுவரைத் தொட்டாலே சுடும். 2013-இல் வாங்கிய, இன்டெல் ஐ5-3470 பிராசசர் போட்ட கம்ப்யூட்டர் அந்த வீட்டில்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன கோடையில் வீடியோ மாற்றும் வேலை கொடுத்தால் ஐந்தே நிமிடத்தில் மௌஸ்கூட நகர அடம்பிடித்தது.

சூட்டைக் காட்டும் எச்டபிள்யூமானிட்டர் மென்பொருளைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது 127 டிகிரி. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த நேரு பிளேஸில் ஒரு கடைக்காரர் அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மதர்போர்டையே மாற்றச் சொன்னார். நல்லவேளை, மாற்றவில்லை. போர்டில் எதனுடனும் இணைக்காமல் விட்ட சென்சார் முனை அது. எட்டு பிட்டில் மைனஸ், பிளஸ் இரண்டையும் எழுதினால் உச்ச எண் 127. அதையே காட்டிக்கொண்டு நிற்கும். வேலை கொடுத்தாலும் நிறுத்தினாலும் அசையாத எண்ணை நான் இப்போது கண்டுகொள்வதே இல்லை.

அடுத்த பீதி, இந்தப் பிராசசரின் எல்லை என்று இன்டெல் தளத்தில் பார்த்த 67.4 டிகிரி. என் கோர்களோ (பிராசசருக்குள் கணக்குப் போடும் பகுதிகள்) எப்போதோ அதைத் தாண்டியிருந்தன. அப்புறம்தான் புரிந்தது: 67.4 என்பது பிராசசரின் உலோக மூடிக்கு மேலே, நடுவில் அளப்பது. கோர் டெம்ப் என்ற மென்பொருள் காட்டுவது மூடிக்குக் கீழே, சிலிக்கானுக்குள் இருக்கும் சூடு. அதற்கு எல்லை 105. உள்ளே இருக்கும் சென்சார் ‘இத்தனை டிகிரி’ என்று சொல்வதே இல்லை; எல்லைக்கு இன்னும் எவ்வளவு பாக்கி என்று மட்டும் சொல்லும். மென்பொருள் 105-இலிருந்து அதைக் கழித்துக் காட்டுகிறது. எல்லையை நெருங்க நெருங்கக் கணக்கு சரியாக இருக்கும், கீழே இறங்கினால் தள்ளாடும். ஜனவரியில் ஒரு காலை, அறையில் 13 டிகிரி. சும்மா இருந்த ஒரு கோர் 11 காட்டியது. விசிறிக் காற்றில் குளிரும் பொருள் அறையைவிடக் குளிர்ந்திருக்க வழியே இல்லை.

ஆனால் அந்த மே மாதம் வீடியோ மாற்றும்போது கோரில் பார்த்த 105 பொய்யில்லை. தொட்டதும் வேகம் 3.2 கிகாஹெர்ட்சிலிருந்து 1.6-க்கு விழுந்தது. பெட்டியைத் திறந்து விசிறியை விரலால் அசைத்தால் ஆடியது. (இதைக் கூலர் என்றும் சொல்வார்கள்; ஆனால் டெல்லியில் கூலர் என்றால் ஜன்னல் பெட்டியைத்தான் நினைப்பார்கள், அதனால் விசிறி என்றே சொல்கிறேன்.) போர்டில் பிடித்து நிறுத்தும் நான்கு பிளாஸ்டிக் முள்களில் ஒன்று கழன்று, பிராசசரின் சூட்டை இழுக்கும் ஹீட்சிங்க் ஒரு மூலையில் தூக்கிக்கொண்டிருந்தது. விசிறிக்கும் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. உரித்தால் ஒரே துண்டாக வந்தது. பிராசசருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து திருநீறாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து, எதிரெதிர் மூலையாக முள்களை அழுத்தினேன். நான்கு முறையும் ‘டக்’ கேட்க வேண்டும். கேட்காவிட்டால் போர்டைத் திருப்பிப் பாருங்கள், முள் பாதியில் நிற்கும்.

அதன்பின் அதே வீடியோவை இருபது நிமிடம் ஓட்டினேன். அறையில் 36, கோரில் 79. ஜனவரியில் அதே வீடியோவுக்கு அறையில் 13, கோரில் 55. எண்கள் எங்கேயோ இருக்கின்றன, வித்தியாசம் மட்டும் 43, 42. சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணை இப்போது பார்ப்பதே இல்லை. தேதி, அறை, கோர், வித்தியாசம் நான்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். கடைசி வரியில் வித்தியாசம் 48. புழுதிக்காற்றும் தொடங்கிவிட்டது; இந்த ஞாயிற்றுக்கிழமை பிரஷ்ஷை எடுக்க வேண்டும்.