விளக்குக்கு முன்னால் வாங்க வேண்டிய கருவி: கேஸ் டிடெக்டருடன் எட்டு மாதம்

என் மகன் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதச் சம்பளத்தில் ஒரு ஹெட்லேம்ப் வாங்கினான். நாலாயிரத்துச் சொச்சம் ரூபாய், ஆயிரம் லூமென் வெளிச்சம். கைவிட்ட பழைய சுரங்கங்களை நண்பர்களோடு போய்ப் பார்க்கப் போவதாகச் சொன்னான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பிறந்தது கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். அப்பா அதே மைனில் அண்டர்கிரவுண்ட் வேலை. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடினார்கள். பம்புகள் நின்றதும் ஷாஃப்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. அப்பா 2009-இல் போனார், நுரையீரல் முழுக்க சிலிக்கா தூசு. நான் கல்யாணமாகிச் சேலம் வந்து, இங்கே ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். சூரமங்கலத்தில் இருக்கிறேன்.

அப்பா அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. பழைய கிளைச் சுரங்கத்தின் வாயில் இரண்டு கட்டைகளைப் பெருக்கல் குறி மாதிரி வைத்திருந்தால், எவ்வளவு அவசரம் என்றாலும் யாரும் அந்தப் பக்கம் தலை நீட்ட மாட்டார்களாம். “பாறை விழறதுக்கு முன்னாடி பேசும்மா. காத்து பேசாது” என்பார். மகனிடம் இதைச் சொன்னேன். “சரிம்மா, அப்போ காத்தைப் பேச வைக்கிற கருவி எது?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. அப்படி வாங்கியதுதான் இந்த நாலு வாயு கேஸ் டிடெக்டர்.

கம்பெனி பெயரையும் வாங்கிய கடையின் பெயரையும் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் பின்னால் குறைகளும் சொல்லப் போகிறேன். இதே வேலையைச் செய்யும் கருவியைப் பல கம்பெனிகள் செய்கின்றன. நான் சொல்வது எல்லாவற்றுக்கும் ஓரளவு பொருந்தும். விலை ஜி.எஸ்.டி. சேர்த்து 31,500 ரூபாய். உள்ளங்கையில் அடங்கும், கால் கிலோ எடை, சட்டைப் பையில் கிளிப் போட்டு மாட்டலாம். ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, எரியும் வாயு ஆகிய நான்கையும் ஒரே திரையில் காட்டும். எல்லை தாண்டினால் அலறும், விளக்கு மின்னும், நெஞ்சில் அதிரும்.

நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5-க்குக் கீழே போனால் அலாரம். கார்பன் மோனாக்சைடுக்கு 35 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு காற்றில் 35 பங்கு), ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு 10 பி.பி.எம். எரியும் வாயுவை மட்டும் நேரடியாகக் காட்டாமல், தீப்பிடிக்கும் கீழெல்லையில் எத்தனை சதவீதம் என்று காட்டுகிறது. மீத்தேன் காற்றில் 5 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். அந்த 5-தான் திரையில் 100. பத்து வந்தாலே அலாரம் அடித்துவிடும்.

கடையில் விற்றவர் சிகரெட் லைட்டரைத் திறந்து கேஸை முகத்துக்கு நேரே பிடித்து, “பாருங்க மேடம், எப்படிக் கத்துது” என்று காட்டினார். எனக்குப் பதறிவிட்டது. லைட்டர் கேஸை அப்படி நேரடியாகக் காட்டினால் எரியும் வாயு சென்சார் திணறிக் கெட்டுப்போகும். சிலிகான் கலந்த ஸ்ப்ரே, பாலிஷ் எதுவும் பக்கத்திலேயே வரக்கூடாது. வாங்கப் போகிறவர்கள் இந்த வேடிக்கையை அனுமதிக்காதீர்கள். வேறு பீஸ் கேளுங்கள்; நான் கேட்டு வாங்கினேன். வீட்டில் சோதிக்க எளிய வழி இருக்கிறது. மூச்சைக் கொஞ்ச நேரம் அடக்கி, மெதுவாக சென்சார் மேல் விடுங்கள். நாம் விடும் மூச்சில் ஆக்சிஜன் 16, 17-தான் இருக்கும். உடனே அலறும். அதனால் ஆக்சிஜன் சென்சார் உயிரோடு இருக்கிறது என்பது தெரியும், அவ்வளவுதான். மற்ற மூன்றுக்கும் சிலிண்டரில் வரும் அளவிட்ட வாயு வேண்டும்.

சரி, சேலத்தில் இதை எங்கே சோதிப்பது? இங்கே சுரங்கத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் வானம் பார்த்த சுரங்கம். வெள்ளக்கல்பட்டிப் பக்கம் மாணவர்களை வருடா வருடம் கூட்டிப் போவேன். கறுத்த பாறைக்குள் வெள்ளை நரம்பு நரம்பாக ஓடும் மேக்னசைட். வெள்ளைக்காரர்கள் அதைச் சாக் மலை என்று எழுதிவைத்தார்கள். அது சாக்பீஸ் சுண்ணாம்பே கிடையாது, மெக்னீசியம் கார்பனேட். சுட்டெடுத்தால் எஃகு உலைக்கு உள்பூச்சுச் செங்கல் ஆகும். ஏற்காட்டின் பாக்சைட்டும் மலை உச்சியில் மேலாகச் சுரண்டி மேட்டூருக்கு அனுப்பியதுதான். ஆக, நம் ஊரில் பூமிக்குள் இறங்குவது என்றால் கிணறுதான். பழைய சுரங்கத்தில் ஆளைக் கொல்லும் அதே காற்று கிணற்றிலும் உண்டு.

முதல் சோதனை ஓமலூர்ப் பக்கம் என் கொழுந்தனார் தோட்டத்தில். மே மாதம், அறுபத்தைந்து அடிக் கிணறு, தண்ணீர் இடுப்பளவுகூட இல்லை. பம்புக் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டது, ஆள் இறங்கியாக வேண்டும். கொழுந்தனார் வழக்கப்படி அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடி வரை போய் எரிந்துகொண்டே இருந்தது. அதன் பிறகு நான் டிடெக்டரைக் கட்டி இறக்கினேன். நாலடிக்கு ஒருமுறை நிறுத்தி இரண்டு நிமிடம். சென்சாருக்கு அந்த அவகாசம் வேண்டும். மீத்தேன் லேசானது, மேலே நிற்கும். கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் கனமானவை, கீழே தங்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு நல்ல காற்று என்று சொல்ல முடியாது. ஐம்பதடியில் கிணறே அதிர்கிற மாதிரி அலறியது. மேலே எடுத்துப் பார்த்தால், பதிவான குறைந்த அளவு 18.6.

“அண்ணி, விளக்கு எரியுதுங்களே, அப்புறம் என்னங்க?” என்றார் கொழுந்தனார். அவர் அப்பா காலத்திலிருந்து நம்பிவந்த விளக்கு அது. நான் அதைக் குறைத்துப் பேசவில்லை. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய முறைதான். ஆனால் ஆக்சிஜன் 16, 17 வரை இறங்கினால்தான் தீ அணையும். கார்பன் மோனாக்சைடு இருந்தால் விளக்கு ஒன்றுமே சொல்லாது. டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டிய இடங்களில் ஆட்கள் செத்தது அந்த வாயுவால். ஹைட்ரஜன் சல்ஃபைடு அதைவிட மோசம். முதலில் அழுகின முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். இதையெல்லாம் சொன்னதும் அவர் பேசாமல் வேப்பங்கிளைகளைக் கட்டாகக் கட்டி மேலும் கீழும் இழுத்துக் காற்றைக் கலக்கினார். பிறகு ஊதுபெட்டி வைத்து ஒரு மணி நேரம். மறுபடி இறக்கினோம், 20.7. இடுப்பில் கயிறு கட்டி ஆள் இறங்கினார், டிடெக்டர் அவர் நெஞ்சில். எனக்கு அன்றைக்கே 31,500 ரூபாய் வசூலாகிவிட்டது.

இரண்டாவது ஏற்காடு, கரடிக் குகை. அங்கே காற்று நன்றாகவே இருந்தது. ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி நிறுத்தியதும் ஆக்சிஜன் 20.6 காட்டியது. பயந்துவிடாதீர்கள், காற்றழுத்தம் சட்டென்று குறைந்தால் இந்தச் சென்சார் கொஞ்ச நேரம் தடுமாறும். பத்து நிமிடத்தில் 20.9-க்கு வந்துவிட்டது. மலை ஏறினால் மேலே போய் ஆறவிட்டு, நல்ல காற்றில் மறுபடி ஸீரோ செய்யுங்கள், அதாவது இதுதான் நல்ல காற்று என்று கருவிக்குக் காட்டிவிடுங்கள்.

மூன்றாவதுதான் உண்மையான சோதனை. வேறு மாநிலத்தில் ஒரு பழைய உலோகச் சுரங்கம். சுரங்கப் பொறுப்பாளர்களின் எழுத்து அனுமதியோடு, அவர்கள் ஆளையும் கூட வைத்துக்கொண்டு ஆறு பேர் போனோம். இடத்தைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லாமல் யாராவது அங்கே நிற்பார்கள். மலைச்சரிவில் படுக்கையாக வெட்டிய அடிட் அது. நுழைந்ததும் துருப்பிடித்த தண்டவாளம், பக்கச் சுவரில் வெடிமருந்துக்குத் துளைத்த ஓட்டைகளின் பாதி வடிவம் வரிசையாக. கையால் துளைத்தவை. விரலை வைத்துப் பார்த்தேன். யாரோ ஒருவரின் ஒரு நாள் கூலி அந்த ஒரு முழ ஆழம். என் அப்பா துளைத்தது வேறு இடம், வேறு ஆழம். இருந்தாலும் எனக்குக் கையை எடுக்க மனசு வரவில்லை.

நாற்பது மீட்டரில் 20.4. தரையில் பலகை பரப்பியிருந்த இடத்தில் உடன் வந்தவர் கையை நீட்டித் தடுத்தார். அடியில் வின்ஸ், அதாவது சுரங்கத்துக்குள்ளேயே கீழ்நோக்கித் தோண்டிய குழி. பலகை மக்கிப்போயிருந்தது. மகனின் ஆயிரம் லூமென் வெளிச்சத்தில் அது சாதாரணத் தரையாகத்தான் தெரிந்தது. சுற்றிப் போனோம். அதற்கப்புறம் எண் சீக்கிரம் சீக்கிரமாக இறங்கியது: 20.1, 19.9. அலாரம் அடிக்கவில்லை. நான் நின்றுவிட்டேன். “போதும், திரும்பலாம்” என்றேன். மகன், “இன்னும் 19.5 வரலையேம்மா” என்றான்.

இந்த இடத்தில்தான் இந்தக் கருவியின் பெரிய குறை இருக்கிறது. வாங்குகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு வாயுவில் கார்பன் டை ஆக்சைடு கிடையாது. பழைய சுரங்கத்தில் மரத்தூண்கள் மக்கும், இரும்புக் கந்தகக் கனிமங்கள் காற்றோடு சேர்ந்து துருவாகும், ஆக்சிஜன் செலவாகும். அது ஒரு வழி. இன்னொரு வழி, வேறொரு வாயு வந்து காற்றையே தள்ளிவிடுவது. காற்றில் ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்சிஜன். ஆக, தள்ளப்பட்டதால் ஆக்சிஜன் 20.9-இலிருந்து 19.9-க்குக் குறைந்தது என்றால், உள்ளே வந்த வாயு கிட்டத்தட்ட ஐந்து சதவீதம். அது கார்பன் டை ஆக்சைடாக இருந்தால் 48,000 பி.பி.எம். அந்த வாயுவுக்கு உயிர் ஆபத்து எல்லையே 40,000. கருவியோ 19.9 என்று அமைதியாகக் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் என் டிடெக்டரில் ஆக்சிஜன் அலாரத்தை 20.3-க்கு ஏற்றிவிட்டேன். மெனுவுக்குள் போனால் மாற்றலாம். விற்பவர்கள் சொல்லித்தருவதில்லை. பணம் இருப்பவர்கள் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்த ஐந்து வாயு மாடலை வாங்குங்கள். எனக்கு அப்போது தெரிந்தும் விலையைப் பார்த்து விட்டுவிட்டேன். அது தப்பு.

இன்னும் இரண்டு விஷயம். சுரங்க வாயிலேயே நின்று ஸீரோ செய்யாதீர்கள். வெளியே காற்றழுத்தம் இறங்கும் நாட்களில் சுரங்கம் உள்ளிருக்கும் கெட்ட காற்றை வெளியே விடும். அந்தக் காற்றையே நல்ல காற்று என்று கருவிக்குப் பழக்கிவிடுவீர்கள். தள்ளிப் போய், காற்று வீசி வரும் பக்கத்தில் நின்று செய்யுங்கள். நேற்று நன்றாக இருந்த சுரங்கம் மழைக்கு முன்னால் இன்று கெட்டிருக்கலாம் என்பதற்கும் இதுதான் காரணம். அடுத்தது, தேங்கிய தண்ணீரில் கால் வைக்கும்போது கருவியைத் தாழ்த்திப் பிடியுங்கள். கலக்கினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பும்.

பராமரிப்புதான் எனக்கு வந்த தலைவலி. பெட்டியில் இருந்த அளவுத்திருத்தச் சான்றிதழின் தேதி ஒன்பது மாதம் பழசு. கடையில் கேட்டதற்கு, எல்லாரும் அப்படித்தான் வாங்குகிறார்கள் என்று பதில். கூரியரில் பெங்களூருக்கு அனுப்பி 2,800 ரூபாய் செலவில் திருத்தி வாங்கினேன், பதினோரு நாள் ஆயிற்று. ஆக்சிஜன் சென்சாருக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான். பெட்டியிலேயே இருந்தாலும் தேயும். வாங்கும்போதே சென்சார் செய்த மாதத்தைக் கேளுங்கள். சோதனை வாயு சிலிண்டரும் காலாவதி ஆகும். இந்தத் தொடர் செலவைச் சேர்த்துத்தான் விலையைக் கணக்குப் போட வேண்டும். பேட்டரி மட்டும் குறை சொல்ல முடியாது, பதினாலு மணி நேரம் தாங்குகிறது. வெயிலில் திரை சரியாகத் தெரியவில்லை.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். கார்பன் டை ஆக்சைடு இல்லாததற்கு ஒன்று குறைத்தேன். ஹெட்லேம்ப், ஹெல்மெட், கயிறு எல்லாம் இதற்குப் பிறகு. குகைக்குள் போகிறவர்களிடம் ஆளுக்கு மூன்று விளக்கு வேண்டும் என்பது பழைய விதி. சரிதான், ஆனால் நூறு விளக்கு இருந்தாலும் 18.6 கண்ணுக்குத் தெரியாது.

மகனும் நண்பர்களும் தங்களுக்கென்று ஒன்று வாங்கப் பணம் சேர்க்கிறார்கள், ஐந்து வாயு மாடல். என்னுடையது இப்போது ஓமலூரில் இருக்கிறது. கொழுந்தனாருக்குத் தெரிந்த பம்ப் மெக்கானிக் அடுத்த வாரம் மூன்று கிணறு இறங்க வேண்டுமாம். கயிற்றையும், நாலடிக்கு இரண்டு நிமிடம் என்று எழுதிய அட்டையையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்தனுப்பினேன்.