பகலில் துணி, இரவில் டயாப்பர்

சிறுநீரை அடக்க முடியாத பெரியவர்களுக்குத் துணி கட்டுவதா, கடை டயாப்பரா? இரண்டும் வேண்டும் என்பதே என் கட்சி.

பழைய பருத்தி வேட்டியை மடித்துக் கட்டினால் காற்றோட்டம் உண்டு, செலவும் குறைவு. ஆனால் ஈரம் தோலோடு ஒட்டியே நிற்கும்; நனைந்ததும் மாற்ற ஆள் வேண்டும். அதனால் இது பகலுக்குத்தான். துவைக்கும்போது வாசனைக்காகக் கம்ஃபர்ட் மாதிரி எதையும் ஊற்றாதீர்கள், துணி உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். ஐப்பசி மழையில் காய வைக்கும் பாடு தனி.

டயாப்பரில் உள்ள பாலிமர் துகள்கள் சிறுநீரை உறிஞ்சிக் கூழாக்கிவிடும். தோல் ஓரளவு காய்ந்திருக்கும், வீட்டில் எல்லோருக்கும் தூக்கம் கிடைக்கும். மருத்துவமனைக்குப் போகும் நாளுக்கும் இதுதான் சரி. விலைதான் கடி. அதற்காக, 'இன்னும் கொஞ்சம் தாங்கும்' என்று விட்டுவைத்தால் தொடையிடுக்கு சிவந்து புண்ணாகும். மலம் போயிருந்தால் எதுவானாலும் உடனே மாற்ற வேண்டும்.

சிலர் டயாப்பர் சீக்கிரம் நிறையாமல் இருக்க உள்ளே இன்னொரு பேட் வைக்கிறார்கள். அதன் அடியில் பிளாஸ்டிக் இருந்தால் நிரம்பிய நீர் டயாப்பருக்கு இறங்காது, ஓரமாக வழிந்து படுக்கையை நனைக்கும். அந்த பேட் துணி ஜட்டிக்குள் வைக்கத்தான் பொருத்தம். எதைக் கட்டினாலும் மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் ஒரு பருத்தி விரிப்பு.

அப்புறம், அழுக்கு டயாப்பரைக் கழிப்பறையில் போட்டால் அடைத்துக்கொள்ளும். தாளில் இறுகச் சுற்றிக் குப்பை எடுப்பவரிடம் தனியாகக் கொடுங்கள்.