மூக்கு மூச்சை அளக்கும் கையடக்கக் கருவி: யாருக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லுமா?

இரு மூக்குத் துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரான மூக்குத் தண்டு சற்றேனும் வளையாதவர்கள் அரிது என்பதால், எண்டோஸ்கோப்பில் வளைவு தெரிந்தது என்ற ஒரே காரணத்துக்காகச் அதை நேராக்கும் செப்டோபிளாஸ்டி அறுவை சிகிச்சைக்குத் தேதி குறிப்பது சரியாகாது. அந்த வளைவுதான் அடைப்புக்குக் காரணமா என்பதைப் புறநோயாளிப் பிரிவிலேயே அளந்து பார்க்க ‘இன்-செக் நேசல்’ கருவியைப் பயன்படுத்திவருகிறேன். ஒளி ஊடுருவும் குழாய், அதனுள் நகரும் சிவப்புக் காட்டி, முகத்தில் பொருத்தும் மாஸ்க், அவ்வளவுதான். மின்சாரமோ கணினியோ தேவையில்லை. வாயை மூடிக்கொண்டு மூக்கால் வேகமாக உள்ளிழுத்தால், நிமிடத்துக்கு 30 முதல் 370 லிட்டர் வரையிலான அளவுகோலில் காட்டி ஓரிடத்தில் நின்றுவிடும்.

இதன் உண்மையான பயன் ஒற்றை எண்ணில் இல்லை. முதலில் ஒருமுறை அளந்து, மூக்கின் உட்சவ்வு வீக்கத்தைச் சுருக்கும் சைலோமெட்டாசோலின் சொட்டு மருந்து விட்டு, கால் மணி நேரம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். எண் நன்றாக ஏறினால் அடைப்பில் பெரும்பங்கு சவ்வின் வீக்கம். அவருக்குக் கத்திக்கு முன்பாக ஸ்டீராய்டு ஸ்ப்ரேயை ஒழுங்காகப் போடச் சொல்வதே முறை. ஏறவே இல்லையென்றால் எலும்பு, குருத்தெலும்பின் மீது சந்தேகம் வலுக்கிறது. பலமாக உறிஞ்சும்போது மூக்கு மடல் உள்ளே ஒட்டிக்கொள்கிறதா என்பதை மாஸ்க் வழியாகவே கவனிக்கலாம். அப்படி ஒட்டினால் தண்டை மட்டும் நேராக்கி அனுப்பியவர் அதே அடைப்போடு திரும்பி வர வாய்ப்புண்டு.

குறைகளும் உள்ளன. நோயாளி எவ்வளவு முயன்று இழுக்கிறார், அவர் நுரையீரல் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதைப் பொறுத்தே எண் அமைவதால் ஆஸ்துமா உள்ளவர்களிடம் மூக்கைக் காரணமின்றிப் பழிக்க நேரும். மாஸ்க் ஓரத்தில் தாடி இருந்தால் காற்று கசியும். இரு துளைகளையும் சேர்த்தே அளப்பதால், ஒருபக்க அடைப்பை மறுபக்கம் மறைத்துவிடும். மூக்கு காற்றுக்குத் தரும் எதிர்ப்பை இயந்திரத்தால் அளக்கும் ரைனோமானோமெட்ரி இங்கே மேலானது: ஒரு துளையை டேப்பால் அடைத்து அழுத்தக் குழாயைச் செருகி, மறு துளையின் காற்றோட்டத்தை 150 பாஸ்கல் அழுத்தத்தில் பதிவு செய்கிறது. ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற டெக்னீஷியனும் பொறுமையும் வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இரு பக்கமும் மாறி மாறி அடைத்துத் திறக்கும் இயல்பான சுழற்சி இருப்பதால், அந்த விலையுயர்ந்த இயந்திரமும் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்லலாம்.

அளவீடும் நோயாளி உணரும் அடைப்பும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. மென்தாலை முகர்ந்தவருக்கு மூக்கின் எதிர்ப்பு மாறாமலேயே திறந்ததுபோல் இருக்கும். பிரிட்டனில் 378 பேரிடம் நடந்து 2023-இல் வெளியான, செப்டோபிளாஸ்டியை மருந்தோடு ஒப்பிட்ட நைரோஸ் ஆய்வும் ஆட்களைச் சேர்க்க, நோயாளி உணரும் அடைப்பைக் கேட்கும் நோஸ் எனும் 5 கேள்விப் படிவத்தின் மதிப்பெண்ணையே வரம்பாக வைத்தது. அப்படிச் சேர்த்தவர்களில் அறுவை சிகிச்சை பெற்றோர் 6 மாதத்தில் மருந்து மட்டும் பெற்றோரைவிடத் தெளிவாக நலமாக இருந்தனர்.

ஆகவே கருவியை வாங்கலாம், படிவத்தோடு சேர்த்து. அடைப்பு அதிகம் என்று படிவ மதிப்பெண் உயர்ந்தும், சொட்டு மருந்துக்கு முன்பே காற்று தாராளமாகப் போவதாகக் கருவி காட்டினால், அந்த ஒருவரை மட்டும் ரைனோமானோமெட்ரிக்கு அனுப்புகிறேன். அதுவரை அவருக்கு அறுவை அரங்கில் இடம் ஒதுக்குவதில்லை.