வெளிநாடு போனபின் வருமானவரிக் கணக்கு: ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியதில் தெரிந்தவை

வளைகுடாவில் சம்பளத்துக்கு வரி இல்லை, அதனால் ஊரிலுள்ள வருமானவரிக் கணக்கையும் மறந்துவிடலாம் என்ற நினைப்பு குமரி மாவட்டத்தில் பலருக்கு உண்டு. ஊரில் ஒரு கடையோ வைப்புத்தொகையோ இருந்தால் அந்த நினைப்பால் நஷ்டம்தான்.

மார்த்தாண்டத்தில் மாதம் 20,000 ரூபாய்க்குக் கடையை விட்டிருக்கும் என்ஆர்ஐயின் (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்கைப் பாருங்கள். வாடகைக்காரர் பணம் கொடுக்கும்போதே 31.2 சதவீதம் வரி (டிடிஎஸ்) பிடித்தாக வேண்டும். உள்ளூர்க்காரருக்குள்ள வரம்பு இங்கே கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடிப்பு. மாதம் 6,240, வருடத்துக்கு 74,880. ஆனால் 2,40,000 வாடகையில் 30 சதவீதக் கழிவு போக மிஞ்சுவது 1,68,000தான். வேறு வருமானம் இல்லையென்றால் வரியே வராது. பிடித்த பணம் முழுக்கத் திரும்பும். ஆனால் ரிட்டர்ன் (வருமானவரிக் கணக்கு அறிக்கை) போட்டால்தான் திரும்பும். ரிட்டர்ன் படிவங்களில் ஐடிஆர்-1 என்ஆர்ஐக்குச் செல்லாது, ஐடிஆர்-2 போடுங்கள். கடைக்குக் கட்டிய தீர்வை (சொத்துவரி) ரசீதையும் எடுத்து வையுங்கள். அந்த நிதியாண்டில் நீங்களே கட்டியிருந்தால், 30 சதவீதக் கழிவுக்கு முன்பே அதை வாடகையில் கழிக்கலாம். நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் என்றால் ஏப்ரல் 30, அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகையும் உண்டு.

வருமானவரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தைப் பொறுத்தவரை, உள்ளே நுழைய பான் எண்ணும் பாஸ்வேர்டும் போதும். சிக்கல் வருவது கடைசிப் படியில். ரிட்டர்னை அனுப்பிய 30 நாளுக்குள் சரிபார்க்க வேண்டும். ஆதார் ஓடிபி ஊரில் எடுத்த சிம்முக்குத்தான் போகும். ரீசார்ஜ் இல்லாமல் கிடக்கும் சிம் செத்துவிடும், எண் வேறொருவர் கைக்கும் போய்விடலாம். விமானம் ஏறும் முன்பே ரோமிங் போட்டுக்கொள்வது நல்லது. அதைவிட நம்பகமானது வங்கியின் நெட்பேங்கிங் வழியாக இ-ஃபைலிங்கில் நுழைந்து சரிபார்ப்பது. இரண்டும் கைகொடுக்காவிட்டால் ஐடிஆர்-வி என்ற சரிபார்ப்புப் படிவத்தில் கையெழுத்திட்டு, துறையின் பெங்களூரு செயலாக்க மையத்துக்கு (சிபிசி) தபாலில் அனுப்பலாம். அதுவும் அதே 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும் என்பதால் வெளிநாட்டிலிருந்து இது கடைசி வழியாகவே இருக்கட்டும்.

பான்–ஆதார் இணைப்பிலிருந்து என்ஆர்ஐக்கு விலக்கு உண்டு. ஆனால் தளத்தின் சுயவிவரத்தில் 'ரெசிடென்ட்' என்றே கிடந்தால் விலக்கு அதற்குத் தெரியாது. 2023 ஜூலை 1 முதல் இப்படிப் பல பான்கள் செயலிழந்தன, ரீஃபண்டும் நின்றது. சுயவிவரத்தில் நிலையை மாற்றி, பாஸ்போர்ட் நகலோடு உங்கள் பான் எண்ணுக்குப் பொறுப்பான வருமானவரி அதிகாரிக்கு எழுதுங்கள். அவர் யார் என்பதைத் தளத்திலேயே பான் எண் கொடுத்துப் பார்க்கலாம்.

வங்கியிலும் இதேபோல் ஒரு வேலை பாக்கி இருக்கும். வேலைக்காக வெளிநாடு போனதும் பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (ஊர் வருமானத்துக்கான என்ஆர்ஐ கணக்கு) மாற்றியாக வேண்டும். என்ஆர்ஓ வட்டிக்கும் 31.2 சதவீதப் பிடிப்புதான். அமீரகத்தில் வசிப்பவர் அங்குள்ள வரி வதிவிடச் சான்றிதழும் வரி ஒப்பந்தச் சலுகைக்கான படிவமும் கொடுத்தால் 12.5 சதவீதமாகக் குறையும். சம்பளத்தை அனுப்ப என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான கணக்கு) போதும். அதன் வட்டிக்கு வரி இல்லை. கணக்கு என்ஆர்ஓவாகும்போது சில கிளைகளில் எண்ணே மாறிவிடும். தளத்தில் புதிய எண்ணை மறுபடி சரிபார்த்து, ரீஃபண்டுக்கு உரிய கணக்காக அதையே குறிக்காவிட்டால் பணம் பழைய எண்ணுக்குப் போய்த் திரும்பிவிடும். பிறகு மறுபடி அனுப்பச் சொல்லி ('ரீஃபண்ட் ரீஇஷ்யூ') கேட்டுக் காத்திருக்க வேண்டும்.